கடை ஆட்கள் மனப்பாடம் செய்த வாக்கியம்

சைகோனில் பகல் பன்னிரண்டு அடித்தால் ஊரே படுத்துவிடும். கடைக்காரர்கள் இரும்புக் கதவை இழுத்து மூடுவார்கள். அரசாங்க அலுவலகங்களில் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆட்கள் தூங்குவார்கள். சிக்ளோ ஓட்டுகிறவன் தன் வண்டியின் இருக்கையிலேயே சுருண்டுகொள்வான். மூன்று மணி வரை யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த நேரத்தில் கண் விழித்து வேலை பார்த்தவர்கள் இரண்டே கூட்டம்தான். காசு வாங்கிக்கொண்டு ஆண்களை உள்ளே விடுகிற வீடுகள் ஒன்று, அந்த வீடுகளைப் பிடிக்க வருகிற போலீஸ் இன்னொன்று.

இதை யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. சின்னக் குற்றங்களை விசாரிக்கிற கோர்ட்டில் நான் துபாசியாக இருந்தேன். அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் சைகோனில், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனபின் குடியரசு வந்தது, கோர்ட்டில் எல்லாம் வியட்நாமியமாக மாறியது. நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் துணி விற்கிற அளவுக்குத்தான் அந்த மொழி வரும். அதனால் தமிழ் தெரிந்த ஒரு வாய் தேவைப்பட்டது, பொம்பளை என்றும் பார்க்காமல் என்னை எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவர் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொல்லுவதுதான் வேலை. எனக்கு இயல்பாகவே வாய் நீளம். அந்த வேலையில் நான் எத்தனை சொல்லை விழுங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஊர் ஒழுக்கத்தைக் காப்பாற்றியே தீருவது என்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நடனம் கூடாது என்றார்கள், கல்யாண விருந்தில்கூடக் கூடாது. ஜோசியம் கூடாது, சேவல் சண்டை கூடாது. உடம்பை விற்கிற பெண், அவளை வைத்து வீடு நடத்துகிறவள், காசு கொடுத்துப் போகிற ஆண், மூவருமே குற்றவாளிகள் என்றார்கள். எழுதி வைத்ததைப் படித்தால் குறை சொல்ல முடியாது. நடப்பு வேறு. வீடு நடத்துகிறவளுக்கு முதல் நாளே சேதி போய்விடும், அவள் தங்கை வீட்டுக்குப் போயிருப்பாள். ஆண் அபராதம் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலக் காப்பிக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். பெண் மட்டும் லாரியில் ஏறுவாள். முதலில் மருத்துவப் பரிசோதனை. அடுத்து போட்டோ ஒட்டிய ஓர் அட்டை. அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த திருத்த விடுதியில் சில மாதம் தையல், பிரார்த்தனை, கஞ்சி. வெளியே வந்த பிறகும் வாரம் ஒருமுறை அந்த அட்டையில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், அதுவும் தன் வட்டாரப் போலீஸ் நிலையத்தில், தெருவே பார்க்க. அட போங்கப்பா, சட்டம் மூவருக்கும் ஒன்றுதான், ஏறுகிற வண்டிதான் வேறு.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒருவனுக்கு ஒரே மனைவி என்ற குடும்பச் சட்டம். உள்ளூர்க்காரன் மீறினால் ஜெயில். வெளிநாட்டுக்காரன் மீறினால் முதலில் ஜெயில், பிறகு கப்பல். இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்லப்போகிற சங்கதி புரியும். காசு கொடுத்து ஒரு பெண்ணிடம் போனேன் என்றால் அபராதம். இவள் என் இரண்டாவது பெண்டாட்டி என்றால் சிறை.

பெரிய சந்தையைச் சுற்றியும் டோங் டு பள்ளிவாசல் பக்கமும் நம்மவர்களின் துணிக்கடைகள் வரிசையாக இருந்தன. கடை ஆட்கள் கடைக்கு மேலேயே மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். மனைவி மக்கள் காரைக்காலிலும் நாகூரிலும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இப்படி இருக்கிற ஆண்களில் சிலர் அந்த மாதிரி வீடுகளுக்குப் போனார்கள், போனவர்களில் சிலர் சிக்கினார்கள். இதற்காகக் கடைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்குகிற புது ஆளுக்கு முதல் வாரத்திலேயே வியட்நாமிய மொழியில் மூன்று பாடம் நடக்கும். மீட்டர் என்ன விலை. சாயம் போகாது. மூன்றாவது, போலீஸ் வந்தால் சொல்ல வேண்டியது: "நான் விருந்தாளி. காசு கொடுத்தேன். இருநூறு பியாஸ்தர். அபராதம் கட்டுகிறேன்."

அந்த மொழியில் விருந்தாளிக்கும் வாடிக்கைக்காரனுக்கும் ஒரே சொல்தான். இந்தப் பாடத்துக்குக் காரணம் இருந்தது. அபராதத்தை அன்றைக்கே கட்டிவிட்டால் அந்தக் காகிதம் கோர்ட்டோடு நின்றுவிடும். பேச்சு வளர்ந்தால், யார் எவர் என்று விசாரணை நீண்டால், வெளிநாட்டார் பிரிவுக்குப் போகும். தங்குவதற்கான அனுமதி அட்டை அவர்கள் கையில். அட்டை போனால் பிழைப்பு போச்சு. அதனால் யாராக இருந்தாலும், எங்கே பிடிபட்டாலும், அதே வாக்கியம், அதே இருநூறு, அதே கடைத்தெரு உச்சரிப்பு. எங்கள் கோர்ட் குமாஸ்தா, நல்ல மனிதர், நம் ஆள் ஒருவன் கூண்டில் ஏறினாலே அவனுக்கு முன்னால் தானே அதை முணுமுணுத்துவிடுவார்.

நான் சொல்லவந்த சங்கதியின் மனிதருக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். டோங் டுவுக்கு அடுத்த தெருவில் ஒரு கடையில் வேலை. மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் அளவு நாடா, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பார். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். சைகோனிலும் ஒரு மனைவி. வியட்நாமியப் பெண், பாலம் தாண்டி கான் ஹோயில் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. நிக்காஹ் அந்த வீட்டிலேயே நடந்தது. அவர் கடையின் பெரியவர்தான் சாட்சி. அவர்கள் பக்கம் அண்ணனை நானா என்பார்கள். கடை ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் பெரியவர் நானா, எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

எங்கள் ஆட்களுக்குள் இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. கடை மூடியதும் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவார். கைலிக்கு மாறி, கீழே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு குட்டித் தூக்கம். மூன்று மணிக்குக் கடையில் நிற்பார். அந்தப் பெண் காரைக்கால் மீன் குழம்பு, ஆணம் என்பார்கள், அதை வைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நம்ம புளியே வேண்டும் என்று கேட்பாளாம், சந்தைப் பக்கத்துத் தமிழ்ப் பலசரக்குக் கடையில் இவர்தான் வாங்கிப் போவார். ஒரு பெண் குழந்தை, அப்போது நாலு வயது. பதிவு செய்த கல்யாணம் இல்லாததால் வீட்டுப் புத்தகத்தில் தாய் பெயரும் பிள்ளை பெயரும் மட்டும். வீட்டுப் புத்தகம் என்பது அந்த வீட்டில் வசிக்கிறவர்கள் யார் யார் என்று போலீஸ் முத்திரையோடு வைத்திருக்க வேண்டிய புத்தகம். அதில் இல்லாத ஆள் வீட்டுக்குள் இருந்தால் கேள்வி வரும். கேள்விதான் வரும், தலை போகாது. விருந்தாளியைத் தெரிவிக்கவில்லை என்று சின்ன அபராதம் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு நாள் மதியம் அந்தச் சந்துக்கு ஜீப்பும் லாரியும் வந்தன. போலீஸ் தேடி வந்தது சந்துக் கோடியில் இருந்த இரண்டு வீடுகளை. ஆனால் ஒரு சந்தில் நுழைந்தால் எல்லா வீட்டுப் புத்தகத்தையும் பார்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். இவர் வீட்டுக்கும் வந்தார்கள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. இவர் கைலியோடு, வலது கை சோற்றில். அந்தப் பெண் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். சார்ஜென்ட் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவர் யார்?" என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நம் மனிதர் எச்சில் கையோடு எழுந்து நின்று, கடையில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டார்: "நான் விருந்தாளி. காசு கொடுத்தேன். இருநூறு பியாஸ்தர். அபராதம் கட்டுகிறேன்."

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்! சார்ஜென்டுக்கே தூக்கிவாரிப் போட்டதாம். அதன் பிறகு அவரும்தான் என்ன செய்வார்? நான்கு போலீஸ்காரர் காதில் விழுந்தாகிவிட்டது. எழுதிக்கொண்டார். அவளை லாரியில் ஏற்றினார்கள், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். இவரை மறுநாள் காலை கோர்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனார்.

மறுநாள் காலை அவர்கள் முறை வந்தபோது நான் நீதிபதியின் இடது பக்கம் என் வழக்கமான ஸ்டூலில் இருந்தேன். அவள் மற்ற பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்க அவர்களோடு ஒரே அறையில். வீட்டில் போட்டிருந்த பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அப்படியே. இவர் கூண்டில். பின் வரிசையில் நானா, மடித்த கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

எங்கள் நீதிபதி வயதானவர், பிரெஞ்சுக்காரன் காலத்தில் படித்தவர். மூக்குக் கண்ணாடியை டையில் துடைத்துக்கொண்டே இருப்பார். போலீஸ் எழுதியதை வாசித்தார். வாசித்தவர் நிறுத்தி, மறுபடி மேலிருந்து வாசித்தார்.

"கைலி கட்டிக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறது. குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது என்றும் இருக்கிறது. சரியா?"

சார்ஜென்ட், "ஆமாம் ஐயா" என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பினார்.

"காசு கொடுத்ததாகச் சொல்கிறார். எதற்குக் கொடுத்த காசு? அதைக் கேள்."

எனக்குச் சுரீர் என்றது. அந்த ஊரில் வீட்டுச் சாப்பாடு போடுகிற பெண்கள் தெருவுக்கு நாலு பேர். தனியாக இருக்கிற குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் மாசக் காசு கொடுத்து மதியம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சோற்றுக்குக் கொடுத்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், புத்தகத்தில் எழுதாத விருந்தாளிக்கு ஒரு சின்ன அபராதம், அவளும் வீட்டுக்குப் போவாள், இவர் அட்டையும் பிழைக்கும். மனைவி என்ற பேச்சே வராது. நீதிபதி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். குமாஸ்தாவுக்குப் புரிந்து பேனாவைத் தூக்கிவிட்டார். சார்ஜென்ட் கூரையைப் பார்த்தார். புரியாதது ஒரே ஒருவருக்குத்தான்.

நான் தமிழில் கேட்டேன். "பாய், காசு குடுத்தேன்னு சொன்னீங்கல்ல? அது எதுக்குக் குடுத்த காசுன்னு ஐயா கேக்குறாரு."

அவர் திரும்பி நானாவைப் பார்த்தார்.

"அங்க என்னா இருக்கு? என்னைப் பாருங்க பாய்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்து, நேராக வியட்நாமிய மொழியிலேயே ஆரம்பித்துவிட்டார். "நான் விருந்தாளி. காசு கொடுத்தேன். இருநூறு…"

"இது கேள்விக்குப் பதில் இல்லை" என்று நீதிபதி கையைத் தூக்கினார். அவர் கோபப்படவில்லை. "மறுபடி கேள். அங்கே சோறு இருந்தது. அப்படியானால் காசு எதற்கு? துபாசி வழியாகவே பதில் சொல்லட்டும்."

நீதிபதியே சோற்றைக் கையில் எடுத்துக் கொடுத்தாயிற்று. இதற்குமேல் அவர் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. நான் ஒரு சொல் கூட்டியிருக்கலாமே என்று பின்னால் சிலர் கேட்டார்கள். துபாசி சொந்தமாக ஒரு சொல் கூட்டினால் அடுத்த நாள் அந்த ஸ்டூலில் வேறு ஆள் இருப்பான், அதற்கு அடுத்த நாள் நம் ஆட்கள் யாரையுமே கோர்ட் நம்பாது. கூட்டவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் செவிடனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அங்க, சோறு, இருந்திச்சாம். அப்ப, காசு, எதுக்குன்னு கேக்குறாரு."

அவர் மறுபடி நானாவைப் பார்த்தார். நானா கண்ணை மூடி விரலால் ஒரு சின்ன ஜாடை காட்டினார். பேச்சை வளர்க்காதே, முடி என்று அர்த்தம். நம் மனிதர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பயம் இருந்தது, கூடவே கொஞ்சம் ரோஷமும் இருந்தது. அதை நான் பார்த்தேன். சாப்பாட்டை விலைக்கு வாங்கினாயா என்று யாரோ அவர் வீட்டையே கேவலப்படுத்திவிட்டதுபோல.

"பொம்பளைக்குத்தான், மதாம்" என்றார். "சோத்துக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?"

என்ன மனிதர் இவர்! வாசலுக்கு வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டே பழகியவர்கள், சோற்றுக்குக் காசு என்பது அவர்கள் காதில் ஏறாது. அதற்குப் பதிலாகச் சொன்ன மற்றது மட்டும் எப்படி வாயில் வந்தது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டூலைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் வியட்நாமிய மொழியில் சொன்னேன். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து எழுதினார்.

நீதிபதி பெஞ்சைப் பார்த்தார். "நீ என்ன சொல்கிறாய்?"

அவள் எழுந்து நின்றாள். நான் பேசியபோது என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போதும் அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வாயில் ஒரு சொல் இருந்தது. கணவர் என்கிற சொல். அதைச் சொல்லியிருந்தால் அவர் அங்கிருந்தே சிறைக்குப் போயிருப்பார். அவர் அட்டையில் மனைவி காரைக்காலில் என்று எழுதியிருக்கிறது, அவளுக்கும் அது தெரியும், சட்டமும் தெரியும்.

"அவர் சொன்னதை எழுதிவிட்டீர்கள்" என்றாள். "என்னை ஏன் கேட்கிறீர்கள்?"

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்கு அபராதம். அவளுக்குப் பரிசோதனை, அட்டை, விடுதி. அடுத்த வழக்கு.

வெளியே தாழ்வாரத்தில் நானா ரசீதை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அல்லா காப்பாத்தினாம்மா. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிச்சு."

"யாருக்கு முடிஞ்சிச்சு நானா? நிக்காவுக்கு நீங்கதானே சாட்சி?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. கெட்டவர் அல்ல அவர், அதையும் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வந்த எத்தனையோ பையன்களை ஆளாக்கியவர்.

"அது வேற, இது வேறம்மா" என்றார் மெல்ல. "இவன் அட்டை போச்சுன்னா ஊர்ல அவன் உம்மா, பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் பட்டினி. இந்தப் புள்ளை கொஞ்ச நாள்ல வெளியில வந்துடும். வந்தா நாங்க பாத்துக்க மாட்டமா?"

"நீதிபதி சோத்தைப் பத்திக் கேட்டாரே, அது என்னாத்துக்குன்னு யோசிச்சீங்களா?"

"சோத்தைப் பத்தியா? அது என்னா கேள்வி?" என்று அவர் உண்மையிலேயே விழித்தார். நான் விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அங்கே இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கே அதை நானா நம் மனிதருக்கும் சொல்லியிருப்பார் போல. விடுதிக்கு ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளில் போனார் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவு தூரம், ஆற்றுப் பாலம் தாண்டி, வெயிலில். வாசலில் காவலுக்கு இருக்கிறவன் கேட்பானாம், நீ யார் அவளுக்கு என்று. பார்க்க வருகிறவர் புருஷன் என்றால் கல்யாணப் பத்திரம் வேண்டும், அண்ணன் தம்பி என்றால் வீட்டுப் புத்தகம் வேண்டும். இவரிடம் இருந்த ஒரே காகிதம் அபராத ரசீது. நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். குழந்தையை அவளுடைய அக்கா சோலோனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் வெளியே வந்ததும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குக் கோர்ட் கலைந்து நான் படியிறங்கும்போது இவர் நின்றுகொண்டிருந்தார். அளவு நாடா கழுத்தில் இல்லை. கையில் ஒரு பொட்டலம், புளி.

"அக்கா, எனக்காக ஒருக்கா வரணும்" என்றார். முன்பு மதாம் என்றவர். "ரெண்டு தடவை போயிட்டேன். கதவைத் தொறக்குது, ஒண்ணும் பேச மாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்ச பேச்சு எல்லாம் மீட்டர் என்ன வெலை, சாயம் போகாது. மன்னிச்சுக்கன்னு ஒழுங்கா சொல்லக்கூடத் தெரியலை அக்கா."

எத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்! எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது, அதுதான் மீதி. சிக்ளோவில் போனேன், அவர் பக்கத்தில் சைக்கிளில் வந்தார்.

சந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய தையல் மெஷின். விடுதியில் கற்ற தையல் பிழைப்பாகிவிட்டது போலிருக்கிறது. சுவரில் ஆணி அடித்து, அந்த அட்டையை நூலில் தொங்கவிட்டிருந்தாள். போட்டோவும் முத்திரைகளும் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. குழந்தை அறைக்கோடியில் துணித் துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் எழுந்தது, பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

எனக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் கொடுத்தாள். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டாள், தனியாக, வாசல் பக்கம். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலி. முன்பெல்லாம் அவர் அங்கே தரையில் பாயில் உட்காருகிறவர்.

அவர் பேச ஆரம்பித்தார். நான் கோர்ட்டில் செய்வதுபோலவே கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பயத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது என்றார். கடையில் சொல்லிக்கொடுத்தது என்றார். நீதிபதி கேட்டது புரியவில்லை, புரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன் என்றார். ஞாயிறு தோறும் வந்தேன், உள்ளே விடவில்லை என்றார். நீ என் பெண்டாட்டி, அல்லாவுக்குத் தெரியும் என்றார். அதைச் சொன்னபோது குரல் உடைந்து அழுதுவிட்டார். அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அவள் முழுதும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு மெஷினிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், இரண்டே வாக்கியம். குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோல.

"என்னா சொல்லுது அக்கா?"

"கோர்ட்ல ஒரு தொகை சொன்னீங்களாமே. இருநூறு. அதை நீங்க இன்னும் குடுக்கலையாம். குடுத்துட்டுப் போகச் சொல்றாங்க."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஏதோ ஒரு வழி கிடைத்ததே என்பதுபோல, அவசர அவசரமாகப் பையில் கையை விட்டு இருந்ததை எல்லாம் எடுத்தார். கசங்கிய நோட்டுகளை மெஷின்மேல், ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார். புளிப் பொட்டலத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார். அவள் நோட்டுகளை நீவி, இருநூறை எடுத்து மெஷின் டிராயரில் போட்டு மூடினாள். மீதியையும் புளியையும் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபடி என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். இந்தத் தடவை குரல் அவ்வளவு நேராக வரவில்லை.

"வெச்சுக்கச் சொல்லுங்க அக்கா, எல்லாத்தையும் வெச்சுக்கட்டும்" என்றார் அவர். "இப்ப என்னா சொன்னிச்சு?"

"அன்னைக்குச் சாப்பிட்ட சோத்துக்குக் காசு வேணாமாம்" என்றேன். "அது அவங்க புருஷனுக்கு ஆக்குனதாம்."